சத்துவாச்சாரி ஆட்சியரக வாசலில் மனு எழுதித் தருவோர்: ஒரு மதிப்புரை

வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சத்துவாச்சாரியில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது. திங்கட்கிழமைதோறும் அங்கே நடைபெறும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு வருவோரில் கணிசமானவர்கள், வாசலுக்கு வெளியே மடக்கு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுத்தர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். பிரியாணிக் கடைக்கும் கைப்பேசிக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதப்படும் ஊரில், காசு கொடுத்துப் பெறும் இந்தச் சேவையை மட்டும் மதிப்பிடாமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. எங்கள் தெருவின் கழிவுநீர்க் கால்வாய் தொடர்பான கூட்டு மனுவுக்காகவும், அதன் பின் அக்கம்பக்கத்தார் சிலருடைய பட்டா, உதவித்தொகை விவகாரங்களுக்காகவும் அங்கே பல திங்கட்கிழமைகள் காத்திருந்ததில், இந்தச் சேவையின் தரத்தைப் பற்றியும் அதைப் பயன்படுத்துவோரில் ஒரு தனி வகையினரைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உருவாகியிருக்கிறது. அந்தத் தனி வகையினர், ஒரே ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் வருகிற சமூக ஆர்வலர்கள்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். கையால் எழுதிய ஒரு பக்க மனுவுக்கு 50 ரூபாய் கேட்கிறார்கள். பழைய மனு எண்கள், நில ஆவணங்கள் ஆகியவற்றைப் படித்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தால் 100 ரூபாய். மடிக்கணினியும் சிறிய அச்சுப்பொறியும் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்து தருபவர்கள் சற்றுக் கூடுதலாக வாங்குகிறார்கள். என் அனுபவத்தில், கையெழுத்து மனுவே மேல். தட்டச்சு செய்பவர்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் மாதிரியைத் திறந்து பெயரையும் ஊரையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்; முந்தைய மனுதாரரின் கிராமப் பெயர் நடுவில் எங்கோ தங்கிவிட்ட மனு ஒன்றை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கையால் எழுதுபவர்களுள் வயதில் மூத்த ஒருவரைத்தான் நான் வழக்கமாக நாடுகிறேன். அவர் பேனாவை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பார். எந்தத் தாலுகா, எந்தக் கிராமம் என்பது முதல் கேள்வி. இதற்கு முன் எங்கே மனு கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்விதான் இந்தச் சேவையின் உயிர்நாடி. எங்கள் கால்வாய்க் கதையை நாங்கள் நான்கு பேர் மாறி மாறிக் கால் மணி நேரம் சொன்னோம்; எந்த ஆண்டில் கட்டினார்கள், எந்த ஒப்பந்ததாரர் சரிவை விட்டுவிட்டார், எந்த உறுப்பினர் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தார் என்றெல்லாம் விவரித்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் சரி சார். இப்ப என்னா செஞ்சா நீங்க மறுபடியும் இங்க வர மாட்டீங்க?" எங்களுக்குள் அதைப் பற்றி ஒருமித்த பதில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவருக்குக் கால்வாய் முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டும். இன்னொருவருக்கு ஒப்பந்ததாரர் மீது நடவடிக்கை வேண்டும். ஓரமாக நின்று பேசி, அடைபட்டிருக்கும் பகுதியை மட்டும் உடைத்துப் பெரிய கால்வாயை நோக்கிச் சரிவு கொடுத்துக் கட்டினால் போதும் என்று முடிவு செய்து சொன்ன பிறகே எழுதத் தொடங்கினார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாகப் போய், "ஆகவே" என்று தொடங்கும் கடைசிப் பத்தியில் அந்த ஒற்றைக் கோரிக்கையை இரண்டே வரிகளில் நிறுத்தினார்.

அந்தக் கடைசிப் பத்தி எதற்காக இவ்வளவு முக்கியம் என்பதை உள்ளே போனால் புரிந்துகொள்ளலாம். மனுவைக் கணினியில் பதிவு செய்து எண் கொடுப்பவர், அது வருவாய்த் துறைக்கா, ஊரக வளர்ச்சிக்கா, காவல் துறைக்கா என்று சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று பக்க வேதனையைப் படித்து அதற்குள் இருக்கும் கோரிக்கையைத் தோண்டி எடுக்க அவருக்கு நேரம் இருக்காது. கோரிக்கை தெளிவில்லாத மனு ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போய், "இது எங்கள் துறை சார்ந்ததல்ல" என்ற பதிலோடு முடித்து வைக்கப்படும். கணக்கில் அதுவும் தீர்வு கண்ட மனுதான்.

நிலம் தொடர்பான மனுக்களில் இந்த எழுத்தர்களின் திறமை நன்றாக வெளிப்படுகிறது. 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது நேர்ந்த பிழைகள், யூ.டி.ஆர். தவறு என்ற பெயரில் இன்றும் குடும்பங்களை அலைக்கழித்துக்கொண்டிருக்கின்றன. அணைக்கட்டு தாலுகாப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, தன் மாமனார் பெயரில் இருந்த நிலம் பங்காளி பெயருக்கு மாறிப் போனதைச் சொல்லி அழுதார். எழுத்தர் அவரிடம் பழைய பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பங்காளியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், புதுப்பிப்பின்போது பெயர் தவறாகப் பதிவானதைத் திருத்தித் தர வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு அதில் வருத்தந்தான். ஆனால் பங்காளியைத் திட்டி எழுதியிருந்தால் அது சிவில் வழக்கு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். பதிவுப் பிழை என்று எழுதியதால் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பாவது இருக்கிறது. 100 ரூபாய்க்கு இதைவிட நல்ல ஆலோசனை வேறெங்கும் கிடைக்காது.

அந்த அம்மாவுக்கும் ஒரே பிரச்சினைதான். வேறு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை, எந்தப் பொதுநலனையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை. ஆனால் இனி இந்த வாசலை மிதிக்கவே கூடாது என்பதுதான் அவருடைய ஆசை. அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிற ஆர்வலருக்கோ அடுத்த திங்கட்கிழமைக்கான திட்டமும் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அவருடைய கையில் கனத்த கோப்பு, அதில் முந்தைய மனுக்களின் நகல்கள், நாளிதழில் வந்த அவருடைய படங்கள், சங்கத்தின் பெயர் அச்சிட்ட லெட்டர்பேடு ஆகியவை இருக்கும். பல சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் ஒருவரே சுமப்பதுண்டு. உறுப்பினர் என்ற பொறுப்புக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அத்தகைய ஒருவருடைய பிரச்சினை ஒலிபெருக்கி. சட்டப்படி அவர் பக்கம் நியாயம் வலுவாகவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவும் வகுத்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் வேலூரில் வசிக்கும் எவருக்கும் இந்த அளவுகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது தெரியும். ஆகவே அந்தப் பெரியவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் மனு எழுத்தர் அவரிடம், எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று கேட்டபோது, எல்லா இடத்திலும், எப்போதும் என்ற பதில்தான் வந்தது. ஒரு தெருவைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்கு அனுப்பும்படி எழுதித் தருகிறேன் என்று எழுத்தர் வற்புறுத்தினார். பெரியவர் மறுத்துவிட்டார். மாநிலம் முழுவதும் ஒலிபெருக்கியைத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையோடு, மாவட்ட ஆட்சியருக்கு அதற்கான அதிகாரம் இல்லை என்பது தெரிந்தே, மனு உள்ளே போனது.

அவர் ஏன் மறுத்தார் என்று யோசித்துப் பார்த்தால், அவரைக் குறை சொல்வது அவ்வளவு எளிதல்ல. ஒரு கோயிலின் பெயரையோ, பள்ளிவாசலின் பெயரையோ, கட்சிக் கூட்டத்தையோ, பக்கத்து வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவையோ எழுதிக் கொடுத்தால் மறுநாள் அந்தத் தெருவில் அவர் நடக்க வேண்டும். பொதுவாகக் குறை சொல்வதில் அந்த ஆபத்து இல்லை. எதிரி யாரும் உருவாவதில்லை, போராளி என்ற பெயர் மட்டும் வளர்கிறது. ஒற்றைப் பிரச்சினை ஆர்வலர்கள் மீது எனக்குள்ள சந்தேகம் அவர்களுடைய நேர்மையைப் பற்றியதல்ல. மனுவை வாபஸ் வாங்கக் காசு கேட்கிறார்கள், விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்று தேநீர்க் கடையில் பேசப்படுவதை எல்லாம் ஆதாரமில்லாமல் நம்ப நான் தயாராக இல்லை. பெரும்பாலானோர் தாங்கள் சொல்வதை முழுமையாக நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கோரிக்கை முடியக்கூடியதாக இல்லாவிட்டால் அது யாருடைய மேசையிலும் வேலையாக மாறாது என்பதுதான் என் ஐயத்தின் சாரம்.

தை மாதத்தில் இதே மேசைகளில் இன்னும் விசேஷமான ஒரு காட்சியைக் காணலாம். வேலூர், திருப்பத்தூர் பகுதிகளில் எருது விடும் விழா பெரிய கொண்டாட்டம். தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டி, காளையை ஓடவிட்டு, குறிப்பிட்ட தூரத்தை எவ்வளவு குறைந்த நேரத்தில் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது, 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் மாநிலமெங்கும் நடந்த போராட்டத்தையடுத்துத் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது ஆகிய செய்திகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சட்டப் பிரச்சினை முடிந்துவிட்டது; மனுக்கள் முடியவில்லை. எங்கள் ஊருக்கு மட்டும் அனுமதி மறுப்பது தமிழர் பண்பாட்டுக்கே இழைக்கும் அநீதி என்று ஒரு தரப்பும், காளைகளுக்கு இழைக்கும் கொடுமையை உடனே நிறுத்த வேண்டும் என்று மறு தரப்பும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து எழுதி வாங்குகிறார்கள். இரண்டு மனுக்களும் ஒரே எழுத்தரின் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அதில் சங்கடம் எதுவும் இல்லை. வழக்கறிஞருக்கு இருக்கும் உரிமை தனக்கும் உண்டு என்று நினைக்கிறார் போலும்.

அந்த இரண்டு மனுக்களிலும் இல்லாதவர் ஒருவர் இருக்கிறார். எருது விடும் விழாவில் அடிபடுவோரில் பலர் மாட்டின் உரிமையாளரும் அல்லர், விழாக் குழுவினரும் அல்லர். தடுப்பைத் தாண்டித் தெருவுக்குள் வந்து நிற்கும் வேடிக்கை பார்ப்பவர்கள். இரண்டு அடுக்குத் தடுப்பு, ஓட்டம் முடியும் இடத்தில் காளை நிதானிக்கப் போதிய இடம், அருகிலேயே ஆம்புலன்ஸ் ஆகியவற்றை விழா நடப்பதற்கு முன் நேரில் வந்து சரிபாருங்கள் என்று எழுதிக் கேட்பதற்கு எந்தச் சங்கமும் அங்கே வரிசையில் நிற்கவில்லை. பண்பாடு என்று பேசுபவருக்கும் வதை என்று பேசுபவருக்கும் அந்த வேடிக்கை பார்ப்பவர் பிரச்சினைக்கு வெளியே இருக்கிறார். ஒரே விஷயத்தை மட்டும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, அதற்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதித் தருவதும் இவர்களுடைய சேவைகளுள் ஒன்று. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997-இல், தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிவிட்டது. மத்தியச் சட்டப்படி 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று விண்ணப்பதாரரை யாரும் கேட்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது. அது மிகச் சரியான பாதுகாப்பு என்றே நினைக்கிறேன். காரணம் கேட்கத் தொடங்கினால் எளியவருக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. ஆனால் காரணம் கேட்கப்படாத அந்த வசதியினால், முடிவு எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. ஓர் ஊராட்சியின் பத்தாண்டு வவுச்சர்கள் அனைத்தின் நகலையும் கேட்டு விண்ணப்பம் எழுதச் சொன்ன ஒருவரிடம், எந்தச் செலவில் சந்தேகம் என்று எழுத்தர் கேட்டார். வந்த பிறகுதான் தெரியும் என்றார் அவர். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த அதே கையோடு, வெளிப்படைத்தன்மைக்குத் தொடர்பில்லாத எல்லாத் தகவல்களையும் கண்மூடித்தனமாகக் கேட்பது நிர்வாகத்தை முடக்கிவிடும் என்றும் எச்சரித்தது. இரண்டையும் ஒரே தீர்ப்பில் சொன்னதுதான் அதன் சிறப்பு. நம் ஆர்வலர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்; அதிகாரிகள் இரண்டாம் பாதியை மட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, பாலாற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். ஒற்றைப் பிரச்சினைக்காரர்களை எள்ளி நகையாடும் எவரையும் வாயடைக்கச் செய்யும் உதாரணம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குக்கு ஒரே பொருள்தான் இருந்தது: பாலாற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைகளின் கழிவு. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்றும் அந்த வழக்கின் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அந்தத் தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக நிலைநிறுத்தியது. இன்று சட்டக் கல்லூரி மாணவர் யாரைக் கேட்டாலும் அந்த வழக்கின் பெயரில் வேலூர் வரும்.

அந்த மனுவையும் ஒலிபெருக்கிப் பெரியவரின் மனுவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தோல் தொழிலே கூடாது என்பதில் போய் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறிச் செல்லும் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளம் அந்தத் தோலில்தான் இருக்கிறது. தோல் தொழில் ஏற்றுமதி வருவாயும் வேலைவாய்ப்பும் தருகிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனிச் சுத்திகரிப்புக் கருவியோ 1996 நவம்பர் 30-க்குள் அமைக்க வேண்டும், ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு இழப்பு என்பதை ஓர் ஆணையம் கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் வரிசைப்படுத்தியது. யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயித்தது.

ஆனாலும் அது முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு ஆறு வாரங்களுக்குள் அரசே முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்திய தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று மீண்டும் உத்தரவிட வேண்டி வந்தது. இம்முறை நீதிமன்றத்துக்குப் போனது வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. 1991 முதல் 2025 வரை ஒரே விஷயத்தையே பேசினார்கள் என்பதற்காக அவர்களைத் தொழில்முறைப் புகார்காரர்கள் என்று யாராவது சொன்னால், அதைவிட அபாண்டம் இருக்க முடியாது. இதனால்தான், எத்தனை காலமாக வருகிறார் என்பதை வைத்து ஓர் ஆர்வலரை எடைபோடக் கூடாது என்கிறேன். கேட்டது தெளிவாக இருந்தும் கொடுக்காமல் இழுத்தடிப்பதால் திரும்பத் திரும்ப வருகிறவர் வேறு. கொடுத்தாலும் தீராதபடி கேட்கிறவர் வேறு. இடையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், அதே ஆற்றைப் பற்றி மனுக் கொடுப்பவர் இன்று வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர், ராணிப்பேட்டைக்கு ராணிப்பேட்டை, இங்கே சத்துவாச்சாரி என்று மூன்று ஆட்சியரகங்களுக்கு அலைய வேண்டும். ஆறு ஒன்றுதான், ஒப்புகைச் சீட்டு மூன்று.

ராணிப்பேட்டையைச் சொன்னதும் 2015 ஜனவரி 31 நினைவுக்கு வருகிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில், தோல் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆற்றைக் காப்பதற்காகக் கட்டிய நிலையத்திலேயே, அதன் அருகில் இருந்த தொழிலாளர்களின் பாதுகாப்பு யாருடைய மனுவிலும் முதன்மையான கோரிக்கையாக இல்லாமல் போயிற்று. மிக நல்ல ஒற்றைக் கோரிக்கைக்கும் இப்படி ஒரு குருட்டு மூலை இருக்கும்.

இனி இந்தச் சேவையின் குறைகள். முதலாவது, சலுகை விலை. வாரந்தோறும் வரும் ஆர்வலருக்கு 50 ரூபாய் மனுவை 30 ரூபாய்க்கு எழுதித் தருகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை வருகிற முதிய பெண்ணிடம் முழுத் தொகையையும் வாங்குகிறார்கள். வியாபாரத்தில் வாடிக்கையாளருக்கு விலை குறைப்பது இயல்புதான். ஆனால் பிரச்சினை தீர்ந்துபோனவர் திரும்ப வரமாட்டார், தீராதவரே நிரந்தர வாடிக்கையாளர் என்பதால், தீராத குறைக்குத் தள்ளுபடி தருவதில் எழுத்தருக்கும் ஓர் ஆதாயம் இருக்கிறது. நான் குறிப்பிட்ட மூத்தவர்கூட, அந்த மூன்றாவது கேள்வியை வாராந்திர வாடிக்கையாளர்களிடம் ஒப்புக்குத்தான் கேட்கிறார். பதில் வராவிட்டாலும் எழுதிவிடுகிறார்.

இரண்டாவது குறை, மிகைப்படுத்தல். "மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்" என்ற வரி இல்லாத மனுவே இல்லை. சாலையில் வேகத்தடை கேட்கும் மனுவிலும் அது இருக்கிறது. இதைவிட மோசமானது, கோரிக்கை நிறைவேறாவிட்டால் குடும்பத்தோடு உயிரை விடுவதாக ஒரு வரி சேர்க்கட்டுமா என்று இளைய எழுத்தர் ஒருவர் என்னிடம் சாதாரணமாகக் கேட்டது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியரக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையான பிறகு, தமிழகம் முழுவதும் ஆட்சியரக வாசல்களில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அந்த வரியை அலங்காரத்துக்காகச் சேர்ப்பது, உண்மையிலேயே அந்த விளிம்பில் நிற்பவரின் குரலை அழுத்திவிடும். அதோடு, மனு நில அளவையருக்குப் போவதற்குப் பதிலாகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரும். யாராவது இதைப் பரிந்துரைத்தால் உடனே அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது, "பொதுமக்கள் சார்பாக" என்ற சொற்களைக் கேட்காமலேயே எழுதிவிடுகிறார்கள். எங்கள் மனுவில் அதை அடித்துவிட்டு, வீட்டுக்கு ஒருவராகக் கையெழுத்தும் கதவு எண்ணும் வாங்கி இணைத்தோம். அதற்காகத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, கால்வாய் அப்படியே இருக்கட்டும், உடைத்தால் தன் வீட்டு வாசற்படி போய்விடும் என்று ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய படியைத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்ற வரியைச் சேர்த்த பிறகு போட்டார். பொதுமக்கள் சார்பாக என்று எழுதியிருந்தால் அந்தப் படி எங்கள் கவனத்துக்கே வந்திருக்காது.

ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை கொடுப்பேன். கையால் எழுதும் மூத்தவர்களுக்கு மட்டும் என்றால் நான்கு. பட்டா, உதவித்தொகை, வாரிசுச் சான்று போன்ற சொந்த விவகாரங்களுக்குத் தயங்காமல் போகலாம். போகும்போது ஆதார் நகல், பழைய மனுக்களின் ரசீதுகள், நிலம் என்றால் சர்வே எண்ணுள்ள ஏதாவது ஓர் ஆவணம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் கூட்டம் குறைவு, எழுத்தரும் பொறுமையாகக் கேட்பார். பத்தரைக்கு மேல் வெயிலும் வரிசையும் சேர்ந்து எல்லோரையும் சிடுசிடுக்க வைத்துவிடும். மனுவைக் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள், பதிவு எண்ணை அந்த நகலின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். 1100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து நிலையைக் கேட்க அது தேவைப்படும். அரசு விடுமுறை திங்களன்று வந்தால் குறைதீர்வுக் கூட்டம் இல்லை. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களிலும் கூட்டம் நடப்பதில்லை. வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் மனுவைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அந்த வாரங்களில் மேசைகள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன, வாராந்திர ஆர்வலர்களையும் காண முடிவதில்லை. மூத்த எழுத்தர் மட்டும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருப்பார். அவசரமில்லாமல் ஆலோசனை கேட்க விரும்புவோருக்கு அதுவே நல்ல சமயம்.